மாடியில் மருத்துவக் குழு

அவள் தைத்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய நாயின் இடுப்புப் பட்டை. பின்னங்கால் விழுந்துபோன நாய்களுக்குச் சக்கரவண்டியும் தூக்குப்பட்டையும் செய்யும் பட்டறை அது. வாங்க வந்தவரிடம் எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: மாடிப்படி மட்டும் ஏற்றிவிடாதீர்கள், மிச்சமிருக்கிற முதுகும் போய்விடும். அதற்காகவே கீழ்வீட்டுக்குக் குடிமாறிவிட்டதாக அவர் சொன்னார். கொடுத்துவைத்த நாய் என்று நினைத்தபடி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சாயங்காலம் முதலாளியம்மாவிடம் கேட்டு, இருப்பதிலேயே பெரிய பட்டை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கப் போய், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் திரும்பியவர். அவருக்கு ஊனத் தொகை தரும் ஆபீசில், அதை மறுபரிசீலனை செய்ய நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் தொகை நின்றுவிடும். மருத்துவக் குழு உட்காருவதோ மாடியில். லிஃப்ட் படுத்து வெகுகாலமாகிறது. டாக்டர் கீழே வந்து பார்க்கக்கூடாதா என்று அவள் முன்கூட்டியே போய்க் கெஞ்சிப் பார்த்தாள். கல்லில் நார் உரிக்கிற கதைதான்.

பட்டையைப் பார்த்ததும் அவர், "போற இடத்துல குரைக்கணுமா?" என்றார்.

"கடிக்காம இருந்தா போதும்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் அப்புறம் சமையலறையில் நின்று அழுதாள்.

மறுநாள் அங்கே போனதும் சக்கர நாற்காலியைக் கீழே காவலாளியிடம் விட்டுவிட்டு, அவர் இடுப்பில் பட்டையை மாட்டினாள். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க, அவள் பின்னாலிருந்து பட்டையின் பிடியைத் தூக்கினாள். பாதி வழியில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போய்விடலாம் என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றாள். மேலே போய் பெஞ்சில் சாய்ந்ததும் அவர் முதலில் சொன்னது, "இதைக் கழட்டிடு. ஆபீசர் முன்னாடி நாய்ப்பட்டையோட உக்கார மாட்டேன்."

பாவி மனுஷன், மானம் பெரிதென்று வாழ்ந்தவர். கழற்றிப் பைக்குள் திணித்தாள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டார். முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் வீட்டுக்காரர் சொன்னார்: "படி ஏறித்தான் சார்."

அவள் சட்டென்று முன்னால் வந்தாள். நான்தான் தூக்கி வந்தேன் என்று பதறி, பையிலிருந்து பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் பட்டறையின் நாய்ப்படம் இருந்தது. டாக்டர் திருப்பிப் பார்த்தார்.

"இது நாய்க்கு உள்ளதும்மா. அரசாங்கம் அங்கீகரிச்ச உபகரணமா இருந்தாத்தான் நான் எழுத முடியும்."

துணைக் கருவி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார் என்று முடிவானது. அடுத்த மாதத்திலிருந்து தொகை கிடையாது.

வெளியே வந்து, படிக்கட்டின் உச்சியில் அவரை உட்கார வைத்தாள். அவர் கையில் சொட்டுத் தெம்பில்லை. கம்பியைப் பிடித்தால் விரல் நழுவியது. ஆபீஸ் முடிந்து ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கி இறங்கிப் போனார்கள். கடைசியாக டாக்டர் வந்தார்.

"பாத்து, மெதுவா இறங்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

கீழே யாரோ விளக்கை அணைத்தார்கள். அவள் மண்டியிட்டு, வீட்டுக்காரரின் இடுப்பைச் சுற்றிப் பட்டையை மறுபடி மாட்டத் தொடங்கினாள். இந்தத் தடவை அவரே இரண்டு கையையும் தூக்கிக்கொடுத்தார்.