காரீய மாங்காய்

ராஜபாளையத்தில் ஒரு பழைய பேட்டரிக் கடையில் கண்ணுச்சாமிக்கு வேலை. பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கிக் கட்டியாக ஊற்ற வேண்டும். சட்டையெல்லாம் ஆசிட் ஓட்டை. தெருவில் அவன் வந்தால் மூக்கைச் சுளிக்காத ஆள் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அவனுக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். மனுசனுக்கு அது உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படிப்பட்டவனைத் தெருவே தேடி வந்த கூத்தும் நடந்தது. அவன் மகள் ஹன்சிகா கைக்குழந்தையாக இருக்கையில் தூக்கத்தில் வீல் வீலென்று கத்தினாள். பயந்த கோளாறு, கழுத்தில் காரீயத் துண்டு கிடந்தால் பயம் அண்டாது என்று யாரோ சொன்னார்கள். சொல்வதற்கா ஊரில் ஆளில்லை? இவன் கடையில் மிஞ்சிய ஈயத்தை உருக்கி, மணலில் அச்சுப் பதித்து, சின்னதாக ஒரு மாங்காய் வார்த்தான். கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளை கழுத்தில் கட்டினான். பிள்ளை தூங்கியது. மாங்காயால் தூங்கியதோ, வயசு ஏறித் தூங்கியதோ, யார் கண்டது? தெருவில் பிள்ளை பெற்றவளெல்லாம் எனக்கும் ஒன்று என்று வந்து நின்றாள். காசு வேண்டாம் என்றுவிட்டான் இவன். அன்றிலிருந்து அவன் எல்லாருக்கும் அண்ணன். பந்தியில் கையைப் பிடித்துக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஹன்சிகாவுக்கு நாலு வயசாகியும் பேச்சு திருந்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். முகம் வெளுத்துப்போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்த டாக்டரம்மா, உடம்பில் ஈயம் நிறைய ஏறியிருக்கிறது, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். கேட்கும்போதே பிள்ளை மாங்காயை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினார். கடைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது, இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் ரத்தத்தில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார். மூளைக்கு ஆன கெடுதல் எம்புட்டுத் திரும்பும் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. திரும்பி வருகையில் பஸ்ஸில், "தெருப் பிள்ளைக கழுத்திலயும் கெடக்கே" என்றாள் யுவராணி, அவன் பெண்டாட்டி. சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். சமயம் எங்கே வரும்? காலையில் எல்லாருக்கும் வேலைக்குப் போகிற அவசரம். சாயங்காலம் என்றால் விளக்கு வைக்கிற நேரம். வெட்கங்கெட்ட மனசுக்குச் சாக்குக்கா பஞ்சம்! அண்ணே என்கிற வாய் நாளைக்கு என்ன சொல்லிக் கூப்பிடும் என்பதுதான் அவன் கவலை. பிள்ளைகள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான். தன்னை நினைக்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது. அப்படி இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் செல்லக்கனி பிறந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மூத்தவன் ராம்குமார் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாய்க்குள் மாங்காய். சின்னவளுக்குப் பேர் வைக்கப் போகிறோம், அவளுக்கும் ஒன்று செய்து தரவேண்டும் என்றாள். ஈயம் இல்லை, முதலாளி இப்போது எடுக்க விடுவதில்லை என்று இவன் மழுப்பினான்.

"அதுக்கென்னண்ணே. ஹன்சிகா கழுத்தில இப்பப் போடலைல்லா? அதக் குடுங்க. ராசியான மாங்கா."

கண்ணுச்சாமி அந்தப் பச்சைப் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தான். பால் வழிந்து காய்ந்திருந்தது.

"குடுக்க மாட்டேன் தாயி. அது வெசம்."

பொறவு எல்லாவற்றையும் சொன்னான். வயிற்று வலி, பேச்சு, டாக்டரம்மா சொன்னது. சொல்லச் சொல்ல உடம்பு கூசியது.

செல்லக்கனி கத்தவில்லை. ராம்குமார் வாயிலிருந்து மாங்காயை இழுத்துக் கயிற்றை அறுத்தாள். அவன் அழ அழ முந்தானையால் நாக்கைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவள் பேச்சில் 'அண்ணே'யைக் காணோம். நேற்றுத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. நிலைப்படியில் யுவராணி நின்றுகொண்டிருந்தாள்.

"செவ்வாக்கெழமையே தெரியும்."

"தெனமும் எம்பிள்ள ஒன் வாசல்லதான வெளயாண்டான்" என்றாள் செல்லக்கனி. "வாயில வச்சுக்கிட்டுத்தான வெளயாண்டான்."

இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கண்ணுச்சாமிக்கு உயிரோடு புதைந்துவிடலாம்போல் இருந்தது. யுவராணி ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. மிச்ச வீடுகளுக்கும் இப்பவே போ என்று மட்டும் சொன்னாள்.

முதலில் சந்தனம் வீடு. சந்தனம் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, வாங்கண்ணே என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் மகள் அந்த நாற்காலிக்குப் பின்னால் மாங்காயைக் கடித்துக்கொண்டு நின்றது. கண்ணுச்சாமி உட்காரவில்லை.

"எனக்குச் செவ்வாக்கெழமையே தெரியும் சந்தனம்" என்றுதான் ஆரம்பித்தான்.