கொயினாக் கூறு

கார்த்திகை மழை விட்டதும் முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உச்சிப்பொழுதில் குளிர் ஏறும். பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்த்து அடங்கும். அடங்கிய நாளில் ஆட்கள் எழுந்து வேலைக்குக்கூடப் போனார்கள். அதனால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் செத்த பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு மருந்து கொயினா என்கிற குயினைன் மாத்திரை என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் தபாலாபீசிலேயே பொட்டலமாகக் கிடைத்தது. கொயினா விளையும் ஜாவாத் தீவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து வரத்து நின்றுபோய், இருந்த கொஞ்சமும் பட்டாளத்துக்குப் போனது. ஊர்த் தலைவரான அம்பலகாரர் சேவுகன் பொன்னமராவதிக்குப் பலமுறை நடந்து, கடைசியில் அங்கே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஆத்மநாதனிடம் ஒரு புட்டி மாத்திரை வாங்கினார்.

"காய்ச்சல்காரங்களுக்கு மட்டும் குடுங்க. ஒரு ஆளுக்குக் காலையும் மாலையும், ஒரு வாரம். முழுசாக் குடுக்கணும். இது அஞ்சு பேருக்குத்தான் காணும்" என்றார் கம்பவுண்டர்.

"படுத்திருக்கிறவுக பத்துப் பேருக்கு மேல இருக்காகளே."

"அதுக்கு நான் என்னங்க செய்ய? பிரிச்சுக் குடுத்தா ஒருத்தருக்கும் கேக்காது."

அம்பலகாரர் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினார். வழி நெடுக அவர் யோசித்தது அந்த ஐந்து பேரைப் பற்றித்தான். பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சேர்த்தால் ஊர் பேசும், விட்டால் பங்காளி பேசுவான். ஊர் எல்லைக்கு வந்தபோது அவர் யோசிப்பதை நிறுத்தியிருந்தார். புள்ளிக் கணக்கில் பிரித்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

கல்யாணமான ஆண் உள்ள குடும்பம் ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக்குத்தான், சாமிக்கு வெட்டிய கிடாயின் கறியும் புள்ளிக்குத்தான். புருஷன் இல்லாத வீடு அரைப்புள்ளி. இளந்தாரி உழைக்கிறவனாக இருந்தாலும் தாலி கட்டும்வரை கணக்கில் வரமாட்டான். வரி கேட்கும்போது அரைப்புள்ளிக்காரிகள் இதற்காகச் சந்தோஷப்பட்டதும் உண்டு.

மறுநாள் காலை கோயிலுக்கு முன்னால் பூவரச இலைகளைப் பரப்பி, கறி வைப்பதுபோலவே கூறு வைத்தார்கள். முழுப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை, அரைப்புள்ளிக்கு ஒன்று. எந்தக் கூறு யாருக்கு என்பதில் வஞ்சகம் இருக்கக்கூடாது என்று, ஒருவர் முதுகைக் காட்டி நின்று பேர் சொல்வது வழக்கம். எல்லாக் கூறும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இருந்தாலும் வெள்ளைச்சாமி முதுகைக் காட்டி நின்றான்.

"இது யாருக்கு?"

"வீரய்யாவுக்கு."

"இது?"

"எனக்கே வச்சுக்கங்க. எலும்பு இல்லாமப் பாத்துப் போடுங்க."

சிரித்தார்கள். பயந்து கிடந்த ஊர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தது. புட்டி காலியானதும் அம்பலகாரர் அதைக் கவிழ்த்துக் காட்டினார். யாருக்கும் குறை இல்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தேர்ந்தெடுக்க வேண்டிய வேலையிலிருந்து தப்பியவரின் நிம்மதி அது. அங்கே இருந்த எல்லோருக்கும் அதில் ஒரு கூறு இருந்தது.

அரைப்புள்ளிக்காரி செவந்தி ஒற்றை மாத்திரையோடு நின்றாள். அவள் மகன் அடைக்கலம் அன்றைக்குக் குளிர் வரவேண்டிய முறைக்குக் காத்துப் படுத்திருந்தான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தது.

"அம்பலம், எம் மகன் கெடக்குறானே."

"தெரியும்த்தா. தையில கல்யாணம் முடிஞ்சுட்டா அவனும் முழுப்புள்ளி. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

அவள் இலையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடைக்கலத்தின் கண்வெள்ளை மஞ்சளாகியிருந்தது. வயிற்றின் இடப்பக்கம் கட்டி போலக் கெட்டியாக இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது கட்டில் கயிறு அதிர ஆரம்பித்தது. அவன்மேல் கிடந்த சாக்குகளின் மேல் அவளே குறுக்கே படுத்து அமுக்கினாள். அடங்கியதும் எழுந்து வெளியே போனாள்.

காய்ச்சல் இல்லாத வீடுகளிலும் மாத்திரை இருந்தது. நாளைக்கு வந்தால் என்ற எண்ணத்தில் அடுக்குப்பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் அது இருந்தது. கையில் இருப்பதே ஒரு காவல் என்று நினைத்தார்கள். அவர்களைத் தப்பு சொல்வதற்கில்லை. செவந்தியின் வீட்டில் காய்ச்சல் இல்லாதிருந்தால் அவளும் அப்படித்தான் வைத்திருப்பாள்.

கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை, மகனின் உடம்பைத் தவிர.

"ஒங்க ரெண்டையும் குடுங்க தம்பி" என்றாள் வெள்ளைச்சாமியிடம். "அவன் எந்திரிச்சதும் ஒங்க தோட்டத்துக் கெணத்துல ஒருநாள் மாடு பூட்டிக் கமலை எறைப்பான்."

"செத்துப் போனா எப்படி மதினி எறைப்பான்?"

"பொழச்சாத்தான் எறைப்பான். அதுக்குத்தான் கேக்குறேன்."

 வெள்ளைச்சாமி உள்ளே போய் எடுத்து வந்தான். "ரெண்டு நாள் எறைப்பான்னு சொல்லியிருந்தா முன்னாடியே குடுத்திருப்பேன்" என்றான்.

மூன்று வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். வீரய்யா வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி பிச்சையம்மாள் முந்தானை முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டே கேட்டாள்.

"ஒருநாளா?"

"ஒருநாள் மதினி. வெள்ளன வந்து வெயில் ஏற வரைக்கும்."

"எங்க தோட்டத்துக்கு ஒருநாள் எங்கிட்டுக் காணும்? ஒங்க அண்ணன் வந்தா என்னய வைவாரு." சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். "இந்தா. நான் குடுத்தேன்னு மத்த வீட்டுல போயிச் சொல்லாத. சேந்துருச்சேன்னு அவுக குடுக்காம இருந்துருவாக."

இன்னும் சில வீடுகளில் இதே வாக்கைக் கொடுத்து, செவந்தி ஒரு வாரத்துக்கான மாத்திரையைச் சேர்த்துவிட்டாள். கம்பவுண்டர் சொன்னபடியே கொடுத்தாள். அடைக்கலம் மருந்தின் கசப்பில் குமட்டி, காது இரைகிறது என்று அழுதான். இரண்டாவது முறைக்குக் குளிர் வந்தும் வராமலும் போயிற்று. மூன்றாவதற்கு வரவில்லை.

ஊரில் அந்த ஒரு ஆள்தான் முழு மருந்து சாப்பிட்டது. காய்ச்சலில் கிடந்த மற்றவர்கள் தங்கள் கூறை விழுங்கி, இரண்டு நாள் தெளிந்து, திரும்பப் படுத்தார்கள். அவர்களில் சிலர் எழுந்திருக்கவே இல்லை.

மார்கழிக் கடைசியில் வீரய்யா குளிருது என்று வந்து படுத்தார். பிச்சையம்மாள் பொன்னமராவதிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் கொயினா இல்லை. நிலவேம்பைக் காய்ச்சிக் கொடுத்தாள். தை பிறந்து சில நாளில் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த அம்பலகாரர், "அந்த ரெண்டு மாத்திரை இருந்திருந்தாலும் காய்ச்சல் நின்னிருக்காதுத்தா. கம்பவுண்டரே சொன்னாரு" என்றார்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.  சொல்லிவிட்டும் அம்பலகாரர் நெடுநேரம் எழுந்திருக்காமல் இருந்தார்.

அடைக்கலத்தின் கல்யாணம் தள்ளிப்போயிற்று. மாசியில் அவன், ஆத்தா வாக்குச் சொன்ன வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தான். வெள்ளைச்சாமி, "என்னடா, மாட்டையும் நீதான் பிடிக்கணும், ஒன்னையும் யாராச்சும் பிடிக்கணும் போல" என்று சிரித்தான். பாதியில் அவனை இறக்கிவிட்டுத் தானே இறைத்தான்.

பிச்சையம்மாள் தோட்டத்துக்கு அவன் கடைசியாகப் போனான். அதற்குள் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. மாடுகளைச் சரிவில் இறக்கி ஏற்றி, வெயில் ஏறும்வரை இறைத்தான். அவள் வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டினாள்.  கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுப் போனான்.

மறுநாளும் வந்தான். அவள் அப்போதுதான் மாடுகளை ஓட்டி வந்திருந்தாள். கமலை இறைத்துப் பழக்கமில்லாத கையால், தண்ணீர் மொள்ளும் சாலில் வடக்கயிற்றைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றாள்.

"எறைக்க வந்தேன் அத்தை."

"ஒருநாள்தான் பேச்சு. அது நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு வந்தே? ஒங்க ஆத்தா அனுப்புச்சா?"

"இல்ல. ஆத்தாவுக்குத் தெரியாது."

"மாமாவுக்குப் பதிலா வந்து நிக்கலாம்னு வந்தியா?"

 அப்படி நினைத்துத்தான் வந்தானா என்பது அவனுக்கே தெரியவில்லை. கிணற்றுக்குள் ஒரு புறா சிறகடித்து அடங்கியது. மாடு ஒன்று தலையை ஆட்டியது.

"வடத்தைத் தப்பாப் பூட்டியிருக்கீங்க. சால் கவுந்துரும்" என்றான்.

அவள் கயிற்றைப் பார்த்தாள்.  பிறகு அதை அவன் கையில் கொடுக்காமல் கல்லின் மேல் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

அவன் குனிந்து வடத்தை அவிழ்த்து, முதலிலிருந்து பூட்டினான். முதல் சால் தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடியபோது, தூரத்தில் அவள் மடையைத் திறந்துவிட்டாள்.