நாத்தனார் அறுத்த இரும்பு

என் நாத்தனாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. "போதும்டி, அங்க அவளுக்குப் புரையேறிடப் போகுது" என்கிறார் வீட்டுக்காரர்.

அவருக்கு ஒரே தங்கை. வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டி. வயது முப்பத்தாறு, எங்கள் வாசல் நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவள் குட்டியாம்! பால் பதப்படுத்தும் ஆலையில் ஸ்டெயின்லெஸ் குழாய்களுக்கு வெல்டிங் வைப்பது அவள் வேலை. எனக்குக் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டுவது தொழில். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வண்டி வேகம் நாற்பதைத் தாண்டினால் அவருக்கு வியர்த்துவிடும். இப்படிப்பட்ட மனுஷனுக்கு, மலைப்பாதைப் பந்தயத்தில் கார் ஓட்டும் பெண்டாட்டி வாய்த்தாள் பாருங்கள்.

அந்தக் காரை நானே நாலு வருடமாகக் கட்டினேன். பழைய சின்ன வண்டி, நாலு சிலிண்டர். அதில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ பொருத்தினேன். நாலு சிலிண்டரும் கக்குகிற சூட்டுப் புகையை ஒன்று சேர்த்து டர்போவுக்கு அனுப்ப ஒரு குழாய்க் கொத்து வேண்டும். அதற்குப் பெயர் மேனிஃபோல்டு. கடையில் கிடைக்காது, நம் வண்டிக்கு அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். முழு வேகத்தில் ஏறும்போது அது அடுப்புக்கரி மாதிரி சிவந்து நிற்கும்.

முதல் மேனிஃபோல்டைச் செய்து கொடுத்தவள் குட்டிதான். மூன்றாம் மாதம் அது விரிசல் விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். கழற்றி எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேஜைமேல் டங்கென்று வைத்தேன். அவள் மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, வெல்டு விடல. அதுக்குப் பக்கத்துலதான் விட்டிருக்கு. நீங்க இத மாட்டுற விதம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பால் குழாய் ஒட்டுற கைக்கு இதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றேன்.

அவள் மாமியார் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதோடு எங்கள் பேச்சு வார்த்தை நின்றது.

அதற்கப்புறம் வேறு இரண்டு பேரிடம் செய்தேன். ஒருவர் கனமான கறுப்பு நீராவிக் குழாயில் செய்தார். அது செதில் செதிலாக உரிந்தது, பிறகு விரிசல் விட்டது. அடுத்தவர் பளபளவென்று ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தார். அது பந்தயத்தின் நடுவிலேயே பிளந்து, வெளியே வந்த நெருப்பு பக்கத்திலிருந்த ஒயர்களைப் பிடித்துக்கொண்டது. வண்டியை நிறுத்திக் குதித்து, நானே அணைத்தேன். புருவம் பாதி போய்விட்டது.

வண்டிகளைச் சோதித்து அனுமதி தருகிற பரிசோதகர் அன்று என்னைத் தனியே கூப்பிட்டார். "இங்க பாருங்கம்மா. அடுத்த தடவை இதுல ஒரு நூல் அளவு விரிசல் இருந்தாலும் இந்த வண்டிக்கு அனுமதி கிடையாது. இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவுமே." அவர் சொன்னால் சொன்னதுதான். என் நாலு வருடம் ஒரு குழாய்க் கொத்தில் தொங்கியது.

இனி விட்டுக்கொடுப்பதில்லை என்று, விமான எஞ்சின்களில் போடுகிற நிக்கல் கலப்பு உலோகத்திலேயே செய்துவிடுவது என்று முடிவு செய்து குழாயும் வாங்கிவிட்டேன். வெல்டர்கள் எல்லாரும் அதைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். "குட்டிகிட்ட கேக்கலாமா?" என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். நான் எரித்துவிடுவதுபோல் பார்த்தேன். ஆனால் வேறு வழி? ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டுக்குப் போனோம்.

அப்படி ஒரு சுத்தமான வெல்டிங் ஷெட்டை நான் பார்த்ததில்லை. இரும்புக்கு ஒரு பிரஷ், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வேறு பிரஷ். ஒன்றின் தூசி மற்றதில் படக்கூடாதாம். ஆர்கான் வாயுச் சிலிண்டருக்குக்கூட உறை தைத்துப் போட்டிருந்தாள். மனதுக்குள் சபாஷ் என்றேன். வாயில் வரவில்லை.

"அண்ணா, உடைஞ்சதெல்லாம் கொண்டாந்தாங்களான்னு கேளு" என்றாள். நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன்!

"ரெண்டு இருக்குன்னு சொல்லுங்க. மொதல்ல செஞ்சது அவகிட்டதான் இருக்கு."

வீட்டுக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. குட்டி அலமாரியின் மேல்தட்டிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை இறக்கினாள். அவள் செய்ததுதான். தூக்கிப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். துரு துடைத்து வைத்திருந்தாள். மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"மூணு பேர் செஞ்சது. மூணு விதமான பைப்பு. விட்ட இடம் எங்கன்னு பாரு" என்றாள் அண்ணனிடம்.

பார்த்தோம். மூன்றிலும் முதல் குழாயும் நாலாவது குழாயும்தான் விரிசல் விட்டிருந்தன. அதுவும் எஞ்சினோடு சேர்த்து முடுக்குகிற பட்டையில், அதாவது ஃபிளாஞ்சில், ஒட்டின இடத்துப் பக்கத்தில். நான் இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

குட்டி ஃபிளாஞ்சின் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவினாள். வாஷர் அமுங்கி அங்கே குழியே விழுந்திருந்தது.

"நட்டை எதால முடுக்குறாங்கன்னு கேளு."

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான் வண்டியிலிருந்து என் ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் சம்பளத்தில் வாங்கியது. கைப்பிடி இரண்டடி நீளம். "ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் சூட்டோட சூடா ஒரு முடுக்கு முடுக்கிடுவேன்னு சொல்லுங்க. எங்கிட்ட எதுவும் தளர்ந்து கிடக்காது" என்றேன், பெருமையாகவே.

அவள் தலையை ஆட்டினாள். ஸ்பேனரை ஓரமாக வைத்தாள். அப்புறம் என் நிக்கல் குழாயைக் கையில் எடுத்தாள், திருப்பினாள், அதன்மேல் அச்சடித்த எண்ணைப் படித்தாள்.

"அண்ணா, இது தங்கமான பைப்பு. சூட்டுல நெகிழாது. ஆனா இங்க எதுவும் நெகிழ்ந்து உடையல, நகர எடமில்லாம உடைஞ்சிருக்கு. நிக்கலுக்கும் நகர எடம் வேணும். இது வேண்டாம்."

"பின்ன எதுவாம்?" என்றேன்.

அவள் இரண்டு துண்டுக் குழாய்களை எடுத்து வைத்தாள். பார்க்க இரண்டும் ஒன்றுதான். காந்தம் வைத்துக் காட்டினாள், இரண்டிலும் ஒட்டவில்லை. "இது முன்னூத்தி நாலு நம்பர் ஸ்டெயின்லெஸ். பாலுக்கு இது போதும். ஆனா செவக்கச் செவக்க எரிஞ்சா வெல்டு ஓரத்துல நாளடைவுல பலம் போயிடும். இது முன்னூத்தி இருபத்தொண்ணு. துளி டைட்டானியம் கலந்தது, அந்த ஓரத்தைக் காப்பாத்தும். பைப்புக்கு இது. ஃபிளாஞ்சுக்குச் சாதா இரும்பு."

"சாதா இரும்பா!" எனக்குப் பொறுக்கவில்லை.

"எஞ்சின் ஹெட்டு இரும்பு. அதுமேல உக்கார்றதும் இரும்பா இருந்தா சூட்டுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் நீளும். வெலைய பாத்து உலோகம் எடுக்கக்கூடாதுன்னு சொல்லு. பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாத்து எடுக்கணும்."

எட்டு நாள் செய்தாள், வேலை முடிந்து வந்து தினம் இரண்டு மணி நேரம். நான் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் கண் அந்தக் கையைவிட்டு நகராது. குழாயின் இரண்டு வாயையும் டேப் போட்டு அடைத்து, உள்ளே ஆர்கான் நிரப்பிய பிறகுதான் வெளியே நெருப்பைப் பற்றவைப்பாள். காற்றுப் பட்டால் உட்புறம் பொரிந்துவிடும். பால் குழாயில் உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் அங்கே பால் தங்கிக் கெட்டுவிடும், அந்தப் பழக்கம் அவளுக்கு. பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் அவள் எழுந்து போன சமயம் நானும் விட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்கப்போகாத அந்த இடத்தில், வெளியே இருப்பதைவிட அழகாக இருந்தது வெல்டு. இந்தக் கையையா நான் அப்படிச் சொன்னேன்?

எட்டாம் நாள், நாலு குழாயும் ஃபிளாஞ்சில் உட்கார்ந்து, டர்போவின் எடையைத் தாங்க ஒரு தனிக் கம்பியும் பொருத்தியாயிற்று. பார்க்கப் பார்க்க எனக்கு வாயெல்லாம் பல். அப்போது அவள் ரம்பத்தை எடுத்தாள். முதல் குழாய்க்கும் இரண்டாவது குழாய்க்கும் நடுவில் ஃபிளாஞ்சின்மேல் வைத்து அறுக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ! ஏய், என்ன பண்ற நீ! பைத்தியமா உனக்கு?" ஸ்டூல் கவிழ்ந்தது.

"அண்ணா, கத்தாம இருக்கச் சொல்லு."

மூன்று இடத்தில் அறுத்தாள். ஒரே பட்டை நாலு துண்டானது. பிறகு சாக்பீஸை எடுத்து மேஜைமேல் ஒரு கோடு போட்டாள், முதல் குழாயிலிருந்து நாலாவது குழாய் வரைக்கும் உள்ள நீளம். கோட்டின் முனையில் விரலை வைத்தாள்.

"செவக்கறப்போ பைப்பு வரிசை ஒரு அரிசி மணி அளவுக்கு நீளும். ஃபிளாஞ்சு ஒரே பட்டையா இருந்தா, அதையும் நட்டு போட்டு நசுக்கி வெச்சிருந்தா, அந்த ஒரு அரிசி எங்க போகும்? போக எடமில்லாம உள்ளுக்குள்ளயே அமுங்கும். ஆறும்போது சுருங்கி இழுக்கும். தினம் அமுங்கி, தினம் இழுத்து, ஒரு நாள் ஓரத்து பைப்புல விட்டுடும். இப்ப அறுத்துட்டேன், ஒவ்வொண்ணும் தன் பாட்டுக்கு நகரும். நட்டு புடிச்சா போதும், நசுக்கக் கூடாது."

எனக்கு அந்தக் குழி விழுந்த ஓட்டைகள் ஞாபகம் வந்தன. கியர்பாக்ஸ்காரி நான், எதையும் இறுக்கி இறுக்கியே பழகின கை. மூன்று வெல்டர்களைத் திட்டித் தீர்த்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

"அப்ப அந்த மூணும்..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்ல வந்தேன்னு சொல்லு" என்றாள் அண்ணனிடம். "மாமியார், மாமனார் முன்னாடி, என் வாய அடைச்சிட்டாங்க."

வீட்டுக்காரர் அதை என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை.

அவள் என் ஸ்பேனரை எடுத்தாள். "கைப்பிடி கொறஞ்சா நசுக்க முடியாது. இத அறுக்கலாமான்னு கேளு."

"அறுக்கச் சொல்லுங்க" என்றேன்.

ஒரு சாண் விட்டு மீதியை அறுத்துப் போட்டாள். அதோடு நிறுத்தவில்லை. வெட்டுப்பட்ட முனையை அரத்தால் ராவி, கையால் தடவிப் பார்த்து, மறுபடி ராவி, என் உள்ளங்கையில் குத்தாத அளவுக்கு உருட்டிக் கொடுத்தாள். என் கண் கலங்கிவிட்டது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பந்தயத்தன்று அவளும் வந்தாள், மாமனார் மாமியாரோடு. மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தாள். நான் ஏறினேன். எல்லா வளைவிலும் டர்போ விசிலடித்தது. முடித்து நிறுத்தி பானெட்டைத் திறந்தால் மேனிஃபோல்டு செக்கச்செவேல் என்று கொதிக்கிறது. பழக்கதோஷம், கை ஸ்பேனருக்குப் போனது. ஒரு சாண் கைப்பிடி கையில் பட்டதும் நிறுத்திக்கொண்டேன்.

பரிசோதகர் வந்தார். டார்ச் அடித்தார், ஒவ்வொரு குழாயாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர், "ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு. என்ன வேலைங்க இது! யார் செஞ்சது?" என்றார்.

"என் நாத்தனார். அதோ நிக்கிறாளே, அவதான்."

"இவங்ககிட்ட மொதல்லயே போயிருக்கலாமே. தெரியாதவங்ககிட்ட கொடுத்து மூணு தடவை உடைச்சீங்களே."

ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் மடக்கு நாற்காலியிலிருந்து குட்டியின் மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டிவிட்டு வந்தது அவர்கள் முன்னால்தானே?

"இல்ல சார்" என்றேன், அவர்கள் காதில் விழும்படி. "மொதல்ல செஞ்சதும் இவதான். நல்லாத்தான் செஞ்சா. அதை உடைச்சது நான். உடைச்சிட்டு, பெரியவங்க முன்னாடி இவளையே திட்டிட்டும் வந்தேன்."

பரிசோதகர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். மாமியார், "அவ செஞ்சது உடையாதுன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்மா. உன் கோபத்துக்குப் பயந்துதான் பேசாம இருந்தோம்" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குட்டி பார்வையாளர்களுக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வந்தாள். என்னைத் தாண்டிப் போய் மேனிஃபோல்டைப் பார்த்தாள், என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைக் கூப்பிடவில்லை.

"அண்ணி, சூடு ஆறட்டும். அதுவரைக்கும் நட்டுல கை வைக்காதீங்க."

"வைக்க மாட்டேன்டி" என்றேன். ஸ்பேனரை அவளிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.