வெயிலில் பேசாத டேப்லெட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு ப்ராங்கோ கேட்டான். அவன் கேட்டது கதையும் அல்ல. பிப்ரவரியில் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போய் அவனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். முடி வெட்டுவதுதான் எனக்குத் தொழில், எழுதுவது கெட்ட பழக்கம். சக்கர நாற்காலியில் கம்பி வைத்து மாட்டியிருந்த டேப்லெட் திடீரென்று பேசியது.

"பூரணி, நீ எழுதுறவதானே. இந்தச் சனியனைச் செஞ்சவனுங்களுக்கு உறைக்கிற மாதிரி ஒண்ணு எழுது. என்னென்ன மாத்தணும்னு நான் சொல்றேன்."

இவ்வளவையும் அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் பாதித் தலையை வெட்டிவிட்டேன். சரி என்றேன். அவன் சொல்லி முடிக்கவில்லை. மே மாதம் அவனை அடக்கம் செய்தோம்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "போர்ட் லிங்கனில் காலை வெயில் கடலின்மீது பொன்னைக்—"

அடித்துவிட்டேன். இந்தக் கதையைக் கெடுத்ததே அந்த வெயில்தான். அதற்குப் போய்ப் பொன் பூசுவேனா?

அடுத்தது: "டேப்லெட் கணினிகளில் ஒரு பயனர் எதிர்பார்க்கும் மேம்பாடுகள் என்னவென்றால்—"

பயனராம்! கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத, நாக்கும் செத்துப்போன ஒருத்தனுக்கு அது வாய். யாராவது தன் வாய்க்குப் பயனராக இருப்பார்களா? இதையும் அடித்துவிட்டேன். இதுவரை நீங்கள் படித்தது மூன்றாவது தொடக்கம். இதுவும் நன்றாக இல்லை, ஆனால் எனக்குத் தெம்பில்லை.

2

ப்ராங்கோ சூரை மீன் பிடிக்கும் படகின் தலைவனாக இருந்தவன். அப்பா குரோவேஷியாவிலிருந்து இந்தப் போர்ட் லிங்கன் துறைமுகத்துக்கு வந்தவர். தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் நரம்பு நோய் அவனுக்கு வந்தது. கடைசியில் கண் மட்டும் மிஞ்சியது. டேப்லெட்டின் அடியில் ஒரு கேமராப் பட்டை இருக்கும். திரையிலுள்ள ஓர் எழுத்தை உற்றுப் பார்த்தால் அது கண்ணைப் படித்து அந்த எழுத்தைப் போடும். வாக்கியம் சேர்ந்ததும் ஒரு குரல் அதை வாசிக்கும்.

அந்தக் குரலும் அவனுடையது இல்லை. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் நாமே பில் போட்டுக் காசு கட்டும் எந்திரத்துக்கும் அதே குரல்தான்.

"போன வாரம் தக்காளி எடை போடறேன், 'பொருளைப் பையில் வைக்கவும்'னு என் புருஷன் பேசறாரு," என்றாள் அவன் மனைவி நோலீன். "எனக்கு அழுகை வந்திருச்சு. பக்கத்துல நின்னவ, தக்காளி விலையைப் பார்த்து அழறேன்னு நெனச்சு, 'ஆமாம்மா, அநியாயம்'ங்கிறா."

ப்ராங்கோவின் கண் திரையில் அலைந்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"இதுக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடத் தெரியல," என்றது சூப்பர் மார்க்கெட் குரல். "பாதிரியாருக்குச் செஞ்சதை எனக்குக் குடுத்துட்டானுங்க. ஒவ்வொரு தடவையும் எழுத்து எழுத்தாக் கோக்க வேண்டியிருக்கு."

"அது ஒண்ணுதான் அந்த மெஷின்ல நல்ல விஷயம்," என்றாள் நோலீன்.

"அப்புறம், 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சா அதுவா 'தண்ணீர் வேண்டும்'னு முடிச்சு வைக்குது. எனக்குத் தண்ணி வேணாம். எனக்கு நோலீன் மேல கோவம்."

"என் மேல என்ன கோவம்?"

கண் அலைந்தது. நான் காதோர முடியைச் சரிசெய்தேன்.

"மறந்துபோச்சு. எழுதி முடிக்கிறதுக்குள்ள போயிருச்சு."

நோலீன் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவனால் முடியவில்லை, ஆனால் அறையில் மூன்று பேர் சிரித்தது போலத்தான் இருந்தது.

(ஒன்று சொல்ல வேண்டும். அவன் பேசியது இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன். அதாவது அவன் கண்ணால் பொறுக்கியெடுத்த எழுத்து ஒன்றுகூட இந்தப் பக்கத்தில் இல்லை. என் கதையில் இருக்கும் குறைகளில் இதை முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பெரிய குறை வேறு. வெயிலில் அதற்குக் கண் தெரியாது. கேமராப் பட்டை நம் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளியை வீசித்தான் விழியைப் பிடிக்கிறது. சூரியன் முன்னால் அந்த ஒளி எடுபடுவதில்லை. ஆயுசு முழுக்க வெட்டவெளியில் கிடந்தவனுக்குத் திரைச்சீலை இழுத்துவிட்ட அறைக்குள் மட்டும்தான் வாய்.

"உள்ள இருந்தா நான் மனுஷன். வெளிய வந்தா சாமான்," என்றான். அன்றைக்கு அவன் சொன்னதில் கடைசி அதுதான். நான் சீப்பைத் தவறவிட்டு, அதைத் தேடுவது போலக் கீழே குனிந்துகொண்டேன்.

3

ப்ராங்கோவின் தம்பி மிலானை எனக்கு எழுத வரவில்லை.

"மிலான் பொறாமை பிடித்த தம்பி, அண்ணனின் படகுமேல் அவனுக்கு எப்போதும் ஒரு—"

பொய். ஒரு கண்ணும் கிடையாது. எந்திரங்களைப் பார்த்துக்கொண்டு அதே படகில் வேலை செய்தான். அண்ணன் என்றால் உயிர்.

நடந்தது இதுதான். நோய் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் ப்ராங்கோவின் நாக்கு குழற ஆரம்பித்தது. விடிகாலையில் படகுத்துறைக்கு வரும்போது கால் பின்னியது. வார்த்தை கொழகொழத்து, கால் தள்ளாடி வரும் மீன்பிடிக்காரனை இந்த ஊரில் வேறு எப்படி நினைப்பார்கள்? மிலான் பயந்துபோனான். படகில் அத்தனை பேர் உயிர் இருக்கிறது. முதலாளியிடம் போய், "அண்ணன் குடிச்சிட்டு வர்றாரு" என்று சொல்லிவிட்டான். அன்றோடு ப்ராங்கோ படகில் ஏறவில்லை.

சமாதானம் சொல்ல மிலான் வீட்டுக்கு வந்தபோது ப்ராங்கோ கேட்டில் நின்று தடுத்தான். மிச்சமிருந்த நாக்கால் சொன்னான். "நானாக் கூப்பிடுற வரைக்கும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது."

அதையும் மிலான் குடிகாரன் பேச்சு என்றே கேட்டுக்கொண்டு போனான். மருத்துவமனையிலிருந்து நோயின் பெயர் பிறகுதான் வந்தது.

அதற்கப்புறம் அவன் செய்ததெல்லாம், சுத்தம் செய்த சார்டின் மீனைப் பையில் போட்டுக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவது. நோலீன் அதைச் சுட்டு, மசித்து, விழுங்க முடிந்தவரை ப்ராங்கோவுக்கு ஊட்டினாள். யார் கொடுத்த மீன் என்று அவனும் கேட்கவில்லை. பிறகு அதையும் விழுங்க முடியாமல் போனது. பை மட்டும் வந்துகொண்டிருந்தது.

4

ஏப்ரலில் ப்ராங்கோ, "மிலானை வரச் சொல்லு" என்று எழுதினான். நோலீன் போன் செய்தாள். அன்று மத்தியானம் படகேற வேண்டியவன், காலையிலேயே வந்து கேட்டுக்கு வெளியே நின்றான்.

(சாயங்காலம் வரச் சொல்லியிருக்கலாமே, வெயில் இருக்காதே என்பீர்கள். மத்தியானத்துக்கு மேல் ப்ராங்கோவுக்கு இமை திறந்து நிற்காது. வெயில் ஏறும் நேரத்தில்தான் அவன் கண்ணுக்கும் தெம்பு இருக்கும். இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் இரக்கமாகச் செய்திருப்பேன்.)

"உள்ள வாப்பா. உள்ளதான் அது வேலை செய்யும்," என்றாள் நோலீன்.

"வராதேன்னு சொன்னது அண்ணன். வான்னும் அவரே சொல்லட்டும், அண்ணி."

"வெளிய அவரால எப்படிப்பா சொல்ல முடியும்?"

"அப்ப நான் இங்கயே நிக்கிறேன்."

கல்லுளிமங்கன்கள், இரண்டு பேருமே. நோலீன் நாற்காலியைக் கேட்டுவரை தள்ளிக்கொண்டு வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நானும் ஓடினேன். சிமென்ட் தரை கண்ணைக் கூசச் செய்தது. டேப்லெட் திரையில் எங்கள் முகம்தான் தெரிந்தது.

எந்திரம் இல்லாவிட்டால் ப்ராங்கோவுக்கு இரண்டு பதில்கள் உண்டு. மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை.

"அண்ணே, உள்ள வரட்டுமா?" என்றான் மிலான்.

ப்ராங்கோ கண்ணை மூடினான்.

"வெயில் அடிக்குதுப்பா! அதான் மூடுறாரு!" என்று கத்தினாள் நோலீன்.

"இல்லேன்னு சொல்றாரு, அண்ணி."

நாற்காலியைத் திருப்பினோம். ப்ராங்கோவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கூச்சமா, அழுகையா, எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா? "மேல பாருங்க, ஆமான்னு சொல்லுங்க" என்று நோலீன் கெஞ்சினாள். அவன் மேலேயும் பார்க்கவில்லை, மூடவும் இல்லை. டேப்லெட்டையே பார்த்தான். அவன் ஆமாம் இல்லை சொல்ல வரவில்லை. பேச வந்திருந்தான்.

கடற்கரைக் குடையைப் பிடித்தோம், பலிக்கவில்லை. நோலீன் உள்ளே ஓடிக் கம்பளியைக் கொண்டுவந்தாள். ப்ராங்கோவையும் டேப்லெட்டையும் சேர்த்து மூடி, நான் உள்ளே தலையை விட்டுப் பிடித்துக்கொண்டேன். அடுப்புக்குள் இருப்பது போல இருந்தது.

"என்ன, பழைய காலத்துப் போட்டோ எடுக்கறீங்களா?" வெளியே மிலான் சிரிக்கப் பார்த்தான்.

திரையில் எழுத்து விழ ஆரம்பித்தது. தம்பியின் பெயர். அப்புறம் இன்னொரு சொல். அதற்குள் எந்திரம் அடுத்து என்ன வேண்டும் என்று மூன்று சொற்களை நீட்டியது. ப்ராங்கோ எதையும் எடுக்கவில்லை. அதுவரை எழுதியதை உரக்க வாசிக்கச் சொன்னான், தம்பி போய்விடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ.

"மிலான், நீ" என்றது குரல்.

திரை கறுத்தது. ஒரு வெப்பமானிப் படம் வந்தது. சூடாகிவிட்டது, ஆறும்வரை காத்திருக்கவும்.

கம்பளியை இழுத்தெறிந்தேன். மிலான் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீ... என்ன?"

"இருப்பா, இருப்பா, ஆறட்டும்!" நோலீன் குளிர்பெட்டியிலிருந்து உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து டேப்லெட்டின் முதுகில் அழுத்தினாள்.

ப்ராங்கோவின் கண் மறுபடி மூடியிருந்தது.

"புரிஞ்சிருச்சு அண்ணி. 'நீ'ன்னு ஆரம்பிச்சு எங்க வீட்டுல நல்ல வார்த்தை வந்ததே இல்ல." மிலான் வண்டியில் ஏறினான்.

டேப்லெட் உயிர்பெற்றபோது வண்டி தெருமுனையைத் திரும்பிவிட்டது. பட்டாணி உருகி என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

5

உள்ளே போனதும், "என்னங்க சொல்ல வந்தீங்க?" என்று நோலீன் கேட்டாள்.

"அது அவன்கிட்டச் சொல்ல வேண்டியது," என்றான். அதற்குமேல் எழுதவில்லை.

அவள் படகுக்குப் போன் போட்டு, டேப்லெட்டின் பக்கத்தில் வைக்கிறேன், கேள் என்றாள். மிலான் மறுத்துவிட்டான். "அது யாரு தட்டினாலும் அதே குரல்லதான் பேசும், அண்ணி. அண்ணன் கண்ணு எழுதறதை நான் பக்கத்துல நின்னு பார்க்கணும். கரைக்கு வந்ததும் வர்றேன். கேட்டாவது மண்ணாவது, நேரா உள்ள வர்றேன்."

படகு கரைக்கு வருவதற்குள் ப்ராங்கோவுக்கு நெஞ்சில் சளி கட்டி, எல்லாம் முடிந்துவிட்டது. மிலான் நேராக உள்ளே வந்தான். பெட்டியைத் தூக்க.

எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஆகஸ்டில் அந்த டேப்லெட்டின் புது வகை வந்தது. விளம்பரத்தைப் பார்த்தேன். இன்னும் மெல்லியதாம். யாரய்யா கேட்டது மெல்லிசு?

6

முடிவு.

(அ) "மிலான், நீ உள்ளே வாடா." எழுதிப் பார்த்தேன். எழுதியதும் நானே அழுதேன். அப்புறம் வெட்கமாக இருந்தது.

(ஆ) "மிலான், நீ எனக்குச் செய்ததை—" இதற்கும் அவனுக்கு உரிமை உண்டு. செத்துப்போனவன் நல்லவனாகத்தான் இருந்திருக்க வேண்டுமா?

(இ) முடிவு எழுதும் முன்னால் மிலானே என் கடைக்கு வந்துவிட்டான். தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"கம்பளிக்குள்ள நீதானே இருந்த, பூரணி. மெஷின் நின்ன அப்புறம் அண்ணன் கண்ணு எந்த எழுத்துப் பக்கம் போச்சு?"

"நான் திரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், மிலான்."

"கண்ணைப் பார்க்கலியா?"

"பார்க்கல."

அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நான் சும்மா அவன் பிடரியில் கத்தரியை ஓட்டினேன்.

"எங்களைப் பத்திக் கதை எழுதறியாமே, அண்ணி சொன்னாங்க. அதுல, வான்னு சொன்னார்னு போட்டுரு. கதைதானே, எவன் கேக்கப் போறான்?"

முடியாது என்றேன். ப்ராங்கோ ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் எந்திரம் முடித்துவைத்தது, நோலீன் முடித்துவைத்தாள், அவசரத்தில் நானும் எத்தனையோ முறை முடித்துவைத்தேன். இது ஒன்றையாவது விட்டுவைக்கிறேன் என்றேன். பேசப் பேச எனக்கே என் நியாயம் கசந்தது. ஐம்பது வயது ஆள், என் கடைத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினான்.

"சரி, எழுதினவரைக்கும் படிச்சுக் காட்டு," என்றான்.

அதனால் படித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நேரம் நீங்கள் படித்ததைத்தான், தமிழில் எழுதியதை இங்கிலீஷில் மாற்றி மாற்றி, அவனுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் தாளில் அதுதான் இருக்கிறது என்று நம்புவான். கம்பளி வந்துவிட்டது. தம்பியின் பெயர் விழுந்துவிட்டது. குரல் இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டது. அடுத்த வரியில் வெப்பமானிப் படம் இருக்கிறது. தாளிலிருந்து தலையைத் தூக்குகிறேன். இந்தமுறை கண்ணைத்தான் பார்க்கிறேன்.

"ம், அப்புறம்?" என்கிறான் மிலான்.

நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவன் காத்திருக்கிறான்.