நெல் ஆலை இஞ்சின் பூட்டிய ஜீப்

சபூறாவின் விதைநெல்லை எந்த மாட்டு வண்டியும் ஏற்றக் கூடாது என்று வட்டவிதானை சீனிமுகம்மது சொல்லி வைத்தார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர் அவர். அவர் சொன்னால் வண்டிக்காரர்களுக்கு மட்டுமல்ல, மாடுகளுக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. இறக்காமத்துக் குளத்தின் கீழே சபூறாவுக்கு உம்மா வழியில் வந்த ஐந்து ஏக்கர் கிடந்தது. புருஷன் மௌத்தான பிறகு விதானையார் அதைக் குத்தகைக்குக் கேட்டார். "நானே செய்வன்" என்றாள். அவ்வளவுதான். விதைப்பு நாளில் நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன் விதைநெல் வரம்புக்கு வராவிட்டால், அந்த வயல் அந்தப் போகத்துக்கு வேறு கைக்குப் போகும் என்பது வயற்காரர்களின் கட்டுப்பாடு. அந்த வேறு கை யாருடையது என்று கல்முனைக்குடியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அவளிடம் ஒரு ஜீப் இருந்தது. சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் விட்டுப்போனதைப் புருஷன் வாங்கிப் போட்டிருந்தார். எட்டு வருஷமாகத் தென்னையடியில் நின்றது. டிரைவர் ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

பஸ் கராஜில் முதலாளியோடு கோபித்துக்கொண்டு வந்த மெக்கானிக் றவூப் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இஞ்சின் செத்துப் பெயித்து ராத்தா. பாரம் தாங்குற வில்லுத் தகடெல்லாம் படுத்துட்டு. பழைய இரும்புக்கும் ஆரும் எடுக்க மாட்டாங்க."

"நான் விக்கக் கேக்கல்ல. இறக்காமம் போகக் கேக்கன்."

"அந்தக் குளத்து வழிக்கா? அங்க பள்ளத்துக்குள்ள பள்ளம் கா."

"அப்ப பள்ளத்துக்கு ஏத்த மாதிரிச் செய்."

வீரமுனையில் வேலப்போடியின் நெல் ஆலைக்குப் புது இஞ்சின் வந்திருந்தது. பழையது வேப்ப மரத்தடியில் கிடந்தது. "எடுத்துப் போ புள்ள. ஆனா அதுக்கு ஓடத் தெரியாது. நிண்ட இடத்தில நிண்டு சுத்தத்தான் தெரியும்" என்றார் போடியார். "பழகிக்கும்" என்றாள் சபூறா.

றவூப் அதை ஜீப்பின் மூக்கில் ஏற்றினான். மூடி மூடவில்லை. புகைக்குழாய் பள்ளி மினாரா போல நிமிர்ந்து நின்றது. ஆலை இஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றவென்று செய்யப்பட்டது. ஆகையால் ஜீப்பும் மேட்டில், பள்ளத்தில், மணலில், சேற்றில், எங்கும் ஒரே வேகம்தான். அவசரமாகக் கடைக்குப் போகிற மனிதனின் வேகம். சம்மாந்துறை வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்த ஒரு லொறியின் வில்லுத் தகடுகளைக் கழற்றி, பக்கத்துக்கு ஐந்து வீதம் அடுக்கிப் பூட்டினான். அடியில் டயர் ரப்பரை வெட்டி வைத்தான். பத்து மூட்டை நெல்லை ஏற்றி, ஜீப் நேராக உட்கார்ந்த இடத்தில் வெண்கட்டியால் கோடு போட்டு, திருப்திப்பட்டான்.

ஒரு சிறு குறை இருந்தது. பதினெட்டு வருஷத் தவிடு அந்த இஞ்சினின் சந்துபொந்தெல்லாம் ஏறியிருந்தது. சூடேறினால் ஊரே வறுத்த தவிடாக மணக்கும். முதல் ஓட்டத்தில் சாய்ந்தமருது வரை போய்த் திரும்பியபோது பின்னால் பதினேழு மாடுகள் வந்தன. சத்தத்தைக் கேட்டு, நெல் குத்தவென்று பெட்டியோடு வந்த பெண்கள் வேறு. மாடுகளைச் சொந்தக்காரர்கள் வந்து பிடித்துப் போனார்கள். ஒரு கன்றுக்கு மட்டும் இன்றுவரை ஆள் வரவில்லை.

விதைப்பு நாள் விடிந்தது. மூன்று நாளாக ஊறி முளைகட்டிய நெல் பத்து மூட்டை. சபூறா முக்காட்டை இறுக்கிக்கொண்டு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். றவூப் ஓட்டினான். பாதைக்கு மேலால் பாய்ந்த தாம்போதித் தண்ணீரை ஜீப் எருமை போலக் கடந்தது. காட்டு வளைவில் ரப்பர் கருகுகிற மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால், வில் அமுங்கி, டயர் மட்காட்டில் உரசிக்கொண்டிருந்தது.

"ராத்தா, இது பத்து மூட்ட இல்ல."

"பத்துத்தான்."

"பாரம் கூடவா இரிக்கி."

"ஊறின நெல் பாரம் கூடாம குறையுமா? நீ காஞ்ச நெல்ல வச்சா அளந்த?"

றவூப் கடற்கரையில் வளர்ந்தவன். அவனுக்குத் தெரிந்த ஈரச் சாமான் மீன் ஒன்றுதான்; அது காயக் காயக் கருவாடாகும், நனைந்து முளைக்காது.

"ரெண்டு மூட்டய இறக்கி வெச்சிட்டு, மறுகா வந்து எடுப்பமா?"

"ஒரு மணியும் இறங்காது. மட்காட்டக் கழட்டு."

அவன் சுத்தியலோடு ஜீப்புக்குக் கீழே போன நேரத்தில்தான் தவிட்டு மணத்துக்குக் காடு பதில் சொன்னது. ஆனை ஒற்றையாக வந்தது. தும்பிக்கையை நீட்டி ஒரு மூட்டையைத் தடவியது.

சபூறாவுக்கு ஒரு மாதமாக விதானையாருக்குச் சொல்ல வைத்திருந்த கோபமெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்ததால், அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாள்.

"இது விதை. திங்கிறதெண்டா அறுப்புக்கு வா. விதைக்கு முன்ன வந்து நிக்க, நீ என்ன வட்டவிதானையா?"

ஆனை யோசித்தது. தும்பிக்கையை எடுத்துக்கொண்டது.

"ஆனையார் பெயித்தாரா?" என்று கீழேயிருந்து கேட்டான் றவூப்.

"இல்ல. கெதியாக் கழட்டு. நேரமாகுது."

நாலு மட்காட்டும் காட்டுக்குள் விழுந்தன. ஜீப் புறப்பட்டது. ஆனையும் புறப்பட்டது. இரண்டுக்கும் ஒரே வேகம். ஆகவே யாரும் யாரையும் முந்தவில்லை.

வயற்கரையில், மருத மரத்தடியில், வயற்காரர்கள் கூடியிருந்தார்கள். சீனிமுகம்மது ஒரு கம்பை நட்டு நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் விரற்கடை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "அவ வரமாட்டா" என்று அவர் எழும்பிச் சால்வையை உதறிய நேரம் டுக்கு டுக்கு என்று சத்தம் கேட்டது. முதலில் புகை தெரிந்தது, பிறகு ஜீப், அதன் பிறகு ஜீப்புக்கு மேலாக ஆனை.

கூட்டம் கலைந்த விதத்தை விவரிக்க முடியாது, அவ்வளவு வேகம். விதானையாருக்கு அறுபத்திரண்டு வயது. மரத்தின் மூன்றாம் கவட்டில் இருந்தார்.

சபூறா ஜீப்பை மரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். ஆனை பக்கத்தில் நின்று இஞ்சினை முகர்ந்தது.

"அந்த இஞ்சின நிப்பாட்டு புள்ள. மணத்துக்குத்தான் நிக்கிது" என்றார் விதானையார் மேலேயிருந்து.

"நிப்பாட்டினா மறுகா சுத்தி எடுக்க ரெண்டு ஆள் வேணும். நீங்க இறங்கி வாறீங்களா?"

விதானையார் கிளையைக் கட்டிக்கொண்டார்.

"நிழலப் பாருங்க. லுஹர் ஆகிட்டா?"

"இன்னம் இல்ல."

"என்ட நெல் வரம்புக்கு வந்திட்டா, இல்லியா?"

"வந்திட்டு."

"வயல் ஆர்ர?"

"உன்ட."

"ஓடினவங்களுக்கும் கேக்கோணும்."

"சபூறாட வயல் சபூறாக்குத்தான்" என்று மரம் முழங்கியது. அந்தச் சத்தம் வரம்போடு போய், கரையில் ஒளிந்து நின்ற வண்டிக்காரர்கள்வரை எட்டியது.

"இனி என்னத்துக்கு அத இங்க வெச்சிரிக்காய்? கொண்டு போ கா."

"விதைச்சு முடியட்டும்" என்றாள் சபூறா.

முதல் மூட்டையைத் தானே அவிழ்த்து, பெட்டியில் அள்ளி இடுப்பில் வைத்து, சேற்றில் இறங்கினாள். பிஸ்மி சொல்லி வீசினாள். ஐந்து ஏக்கர். அவள் அவசரப்படவில்லை.