மூன்று சந்தை

அர்த்தநாரி மூச்சடக்கிச் சடுகுடு பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டியபோது, பறையடிப்பவர்கள்கூடக் குச்சியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேட்டூர் அணை திறந்த வருஷம் அது. எண்பதைத் தாண்டிய அவன் அப்புச்சி சின்னண்ணன், "என்னையத் தூக்கறதுக்கு முன்னால ஒரு சடுகுடு ஆடிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செத்திருந்தார். கல்யாணச் சாவு, ஊரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. மகள் மாரக்காள் பந்தலில் அப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் மகன் ஆடுவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் சேர்ந்து அமுக்கியதில் எவன் முழங்காலோ அர்த்தநாரியின் தலையில் இடித்தது. விழுந்தவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். நேராக அம்மாவிடம் வந்தான்.

"அப்புச்சி எங்கம்மா?"

மாரக்காள் பக்கத்தில் கிடந்த அப்பனைப் பார்த்தாள். "வெளையாடாத சாமி."

"ஆட்டம் பாக்க அப்புச்சி வல்லியா?"

அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சின்னண்ணனின் தம்பியும் ஒரு காலத்தில் இப்படித்தான் அடிபட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்தான், மறுபடி ஆடினான், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து, தலையில் அடிபட்டவனிடம் "சந்தை என்னிக்கு?" என்று கேட்பார் சின்னண்ணன். சரியாகச் சொன்னாலும் மூன்று வாரச் சந்தை கழியாமல் ஆடவிடமாட்டார். அடைக்கோழி மாதிரி உட்காரவைக்கிறார் என்று ஊர் கேலி பேசும். பேசிவிட்டுப் போகட்டும் என்பார்.

மாரக்காளின் அண்ணன் சென்றாயன் நெய்ப்பந்தத்தோடு வந்தார். "அர்த்தநாரி, இதப் புடிச்சுட்டு அப்புச்சியச் சுத்தி வா."

"அவன் வரமாட்டானுங்ணா. தலையில அடி."

"ஒரு சோடாக் குடிச்சாத் தெளிஞ்சுரும் அம்மிணி. மகவூட்டுப் பேரன் பந்தம் புடிக்காம எப்படி எடுக்கறது? ஊரு என்ன பேசும்?"

"பேசிட்டுப் போவுது. அப்பன் இருந்தா ஒக்கார வெச்சிருப்பாரு. பக்கத்து வேலூர் டாக்டரக் கூட்டியார ஆளனுப்புங்க."

சென்றாயன் அப்பன் முகத்தை ஒருதரம் பார்த்தார். டாக்டருக்கு ஆளை ஓட்டிவிட்டு, பந்தத்தைத் தன் மகன் கையில் கொடுத்தார்.

பறை முழங்கப் பாடைத்தேர் கிளம்பியது. மாரக்காள் மகனின் கையை விடவில்லை.

"சந்தை என்னிக்கு?"

"சந்தையா?" என்றவன் வெற்றிலைத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் வந்து கண்ணைப் பார்த்தார். தூங்கினாலும் அடிக்கடி எழுப்பிப் பார்க்க வேண்டும், தெளியாவிட்டால் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். தூரத்தில் பறைச் சத்தம் அடங்கியது.

"சந்தை என்னிக்கு சாமி?" எத்தனையாவது முறையோ கேட்டாள்.

"செவ்வாக்கெழம." சொன்னவன் காலியாகக் கிடந்த பந்தலைத் திரும்பிப் பார்த்தான். "அப்புச்சி செத்துப்போச்சுல்லம்மா?" என்று ஓவென்று அழுதான்.

"ஆமா சாமி, செத்துப்போச்சு" என்றாள். அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறவன் தலையை மெல்ல மடியில் சாய்த்தாள்.

பிறகு விரலை மடக்கி மூன்று செவ்வாய்க்கிழமைகளை எண்ணத் தொடங்கினாள்.