நஞ்சுக்கொடியின் குறை

ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்ததற்கு, தையல்காரியான அவள் ஓயாமல் தையல் மிஷின் மிதித்ததுதான் காரணம் என்றார் மாமியார். கணவன் வாயைத் திறக்கவில்லை. அவள் தனி அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நஞ்சுக்கொடியைச் சோதித்த மருத்துவர் இன்று அவளை அழைத்திருந்தார்.

"ரத்தக்குழாயை வளர வைக்கிற புரதம் இதுல ரொம்பக் கம்மியா இருந்திருக்கும்மா. அதான் குழந்தைக்குச் சத்து போய்ச் சேரல. நீங்க மிஷின் மிதிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

வெளியே வந்ததும் கணவனுக்குப் போன் செய்து சொன்னாள்.

"சரி, அம்மாகிட்ட சொல்றேன்," என்றான்.

எப்படி இருக்கிறாய் என்றாவது கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் போனை வைத்துவிட்டான்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "உன் மேல தப்பில்லடி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.